மாசியின் ஊரில்

டொராண்டோவில் மாசி எங்கே என்று கேட்டால் கச்சேரி மண்டபத்துக்கு வழி சொல்கிறார்கள். நான் கேட்டது டிராக்டரை.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாசி என்றால் இரண்டு. ஒன்று மாதம், மற்றது சிவப்பு டிராக்டர். வண்டிக் கடனுக்கு அப்பா தவணை கட்டுவது சம்பா நெல் விற்ற பிறகு, மாசி மாதத்தில். அதனால்தான் வண்டிக்கு அந்தப் பெயர் என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன். முகப்பில் எழுதியிருந்த மாசி பெர்குசன் என்பது இரண்டு மனிதர்களின் பெயர் என்பதும், முதல் பாதி டொராண்டோக்காரருடையது என்பதும் வெகு பின்னால் தெரிந்தது. ஆகவே போன அக்டோபரில் நண்பன் வீட்டில் இரண்டு வாரம் தங்கப் போனபோது, நயாகராவைப் பார்த்து முடித்த மறுநாளே மாசியைத் தேடக் கிளம்பினேன்.

முதலில் ஷூட்டர் தெரு. மாசி ஹால் 1894இல் திறந்தது. கலப்பையும் அறுவடை இயந்திரமும் விற்றுப் பெரும் பணக்காரரான ஹார்ட் மாசி, இறந்துபோன தன் மூத்த மகன் சார்லஸின் நினைவாக நகரத்துக்குக் கட்டிக் கொடுத்த மண்டபம். சார்லி பார்க்கர் பிளாஸ்டிக் சாக்ஸபோனில் வாசித்துப் புகழ்பெற்ற 1953 மே மாதக் கச்சேரி இங்கேதான் நடந்தது. அதே 1953இல்தான் மாசி ஹாரிஸ் கம்பெனி ஹாரி பெர்குசனின் கம்பெனியோடு சேர்ந்தது. டொராண்டோக்காரர்களுக்கு முதல் செய்தி மனப்பாடம், இரண்டாவது செய்தி தெரியாது. எங்கள் ஊரில் நேர்மாறு.

அங்கிருந்து 504ஆம் எண் டிராமில் ஏறி கிங் தெருவில் மேற்கே போனேன். டேனியல் மாசி 1847இல் நியூகாசிலுக்குப் பக்கத்தில் தொடங்கிய பட்டறை 1879இல் டொராண்டோவுக்கு இடம்பெயர்ந்தது. 1891இல் பிரான்ட்ஃபோர்டு நகரத்து ஹாரிஸ் கம்பெனியும் சேர்ந்துகொள்ள, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பெரிய பண்ணைக் கருவிக் கம்பெனிகளில் ஒன்றாக அது வளர்ந்தது. அதன் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற இடம் இந்தக் கிங் தெரு. இப்போது அங்கே கண்ணாடி அடுக்குமாடிகள். 915ஆம் எண்ணில் பழைய தலைமை அலுவலகம் மட்டும் செங்கல் மேனியோடு மிஞ்சியிருக்கிறது, அதுவும் குடியிருப்பாகிவிட்டது. பக்கத்துத் தெருவுக்கு மாசி தெரு என்று பெயர். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த இளைஞரிடம், இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா என்று கேட்டேன். பியானோ என்றார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்கள் அறிந்த சிவப்பு 35உம் 135உம் டொராண்டோவில் பூட்டப்பட்டவை அல்ல. அவை பெரும்பாலும் இங்கிலாந்தின் கவெண்ட்ரியிலோ நம் சென்னையிலோ பிறந்தவை. டொராண்டோவில் இருந்தது தலை. கணக்கும் கடனும் முடிவும் இங்கே. கடன்தான் கடைசியில் கழுத்தைப் பிடித்தது. 1980 வாக்கில் கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்து, 1986இல் வாரிட்டி என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1991இல் தலைமை அலுவலகத்தை அமெரிக்காவின் பஃபலோவுக்கு எடுத்துப் போனது. 1994இல் மாசி பெர்குசன் என்ற பெயரை அமெரிக்காவின் ஆக்கோ வாங்கிக்கொண்டது. டிராமில் திரும்பும்போது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"டிராக்டரைத் தேடி டவுன்டவுனுக்கு ஏன் தம்பி போனனீங்கள்?" என்று சிரித்தார் நண்பனின் மாமனார்.

ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கிளிநொச்சிக்காரர். இரணைமடுக் குளத்துப் பாய்ச்சலில் வயல் வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்கார்பரோவுக்கு வந்து இருபது வருஷம் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்த்து ஓய்ந்திருப்பவர். அவர் டிராக்டர் என்று சொல்வது எனக்காக. தன் பேச்சில் அது உழவு மெசின், சுருக்கமாக மெசின். டிரெய்லர் என்பது பெட்டி. மார்க்கம் நகரத்துக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் நூற்று முப்பத்தைந்து ஒன்று நிற்பதை, பூசணிக்காய் வாங்கப் போன இடத்தில் அவர் பார்த்து வைத்திருந்தார்.

நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை காலை புறப்பட்டோம். குளிர் மூன்று பாகை. மார்க்கத்துக்குள் நுழைந்ததும் ஐயா நண்பனிடம் சொல்லி வண்டியைச் சுற்ற வைத்து ஒரு தெருப் பலகையைக் காட்டினார். வன்னி அவென்யூ, அவர் மண்ணின் பெயர். இதே நகரத்தில் இசையமைப்பாளர் அல்லா ரக்கா ரகுமான் பெயரிலும் தெரு உண்டு, ஆனால் அதைப் பார்க்க அவர் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. பிறகு 48ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே. வீடுகள் தீர்ந்து சோளக் கொல்லைகள் தொடங்கின. காய்ந்து பழுப்பேறிய சோளத்தட்டையின் மணம் கார் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

பண்ணைக்காரர் எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். நின்றது 135. பெயர்த்தகட்டில் கவெண்ட்ரி. 1964 முதல் 1975 வரை வந்த மாடல். உள்ளே பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 152 கன அங்குலம், நம் கணக்கில் இரண்டரை லிட்டர். சிவப்பு வெளுத்து செங்கல் நிறமாகியிருந்தது. லிவர்களின் பக்கத்தில் இருந்த எழுத்துகள் தேய்ந்து, பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஏறி உட்காரலாமா என்று ஐயா சைகையில் கேட்டார். பண்ணைக்காரர் தலையாட்டினார்.

அந்த வயதில் அப்படி ஏறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடப்பக்கமிருந்து ஒரே எட்டு. இரும்புச் சட்டி இருக்கையில் உட்கார்ந்தவர் எதையும் பார்க்கவில்லை. கண் தூரத்துச் சோளக் கொல்லையில் இருந்தது. கைகள் மட்டும் கீழே இறங்கின.

"இது கியர். இது ஹை லோ." முதல் லிவருக்கு மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். இரண்டாவது லிவர் அத்தனையையும் இரட்டிப்பாக்கும். லோவில் உழவு, ஹையில் ரோடு. அந்த இரண்டாவது லிவர் நடுவில் நின்றால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். கியரில் கிடக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்து ஆளை ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. எங்கள் ஊரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கை அழைத்து வந்து, அவர் ஒற்றை விரலால் இந்த லிவரை நடுவுக்குத் தள்ளிவிட்டு நூறு ரூபாய் வாங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இடது கால் கிளட்ச். அது இரண்டு படி. பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க அழுத்தினால் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். இது தெரியாத காரோட்டி மொத்தமாக மிதித்துவிடுவான், ரோட்டாவேட்டர் வரப்போரத்தில் செத்து நிற்கும். பி.டி.ஓ.வுக்குக் கையும் தனியே உண்டு, இருக்கைக்கு இடப்புறம் கீழே. ஒரு பக்கம் தள்ளினால் எஞ்சின் வேகத்தோடு சுற்றும், மறுபக்கம் சக்கர வேகத்தோடு சுற்றும், நடுவில் ஓய்வு. முன்னால் இருக்கும் வட்டமான மீட்டரில் நிமிஷத்துக்கு 540 சுற்று வரும் இடத்துக்கு ஒரு குறி போட்டிருப்பார்கள். கதிரடிப்பவர்களுக்கு அந்தக் குறிதான் வேதம்.

வலது காலுக்கு இரண்டு பிரேக். இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. வயலில் பிரித்து விட்டால் ஒரு சக்கரத்தை நிறுத்திக் கொண்டு அதன் மேலேயே வண்டியைச் சுற்றலாம். சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் பூட்ட வேண்டும். பூட்ட மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி கவிழும். டெல்டாவில் டிராக்டர் வாய்க்காலில் விழுந்த கதைகளைத் தோண்டினால் பலவற்றின் அடியில் அந்தச் சின்னக் கொக்கி கிடக்கும்.

ஐயாவின் வலது கை இருக்கையின் பக்கத்தில் வளைந்த பட்டையில் நகரும் இரண்டு லிவர்களுக்குப் போனதும் அங்கேயே தங்கிவிட்டது. அங்கேதான் எங்களுக்குள் வழக்கு வந்தது.

இந்த இரண்டும் ஹைட்ராலிக் லிவர்கள். ஒன்று பொசிஷன், மற்றது டிராஃப்ட். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசனின் மூளை முழுக்க அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அவருக்கு முன்னால் டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதிலாக இழுக்கிற இரும்பு, கலப்பை பின்னால் தனியே தொங்கும். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டர் முன்தலையைத் தூக்கி ஓட்டுகிறவன் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். மண் இறுகினால் கலப்பை முரண்டு பிடிக்கும், அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியாக வந்து ஒரு ஸ்பிரிங்கை நசுக்கும், ஸ்பிரிங் வால்வை அசைக்கும், ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். தூக்கிய கனம் பின்சக்கரத்தில் இறங்கி அதற்குப் பிடி கொடுக்கும். மண் இளகினால் தானே இறங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவன் எதையும் தொட வேண்டாம். இதுதான் டிராஃப்ட். பொசிஷன் லிவர் அதற்கு நேர் எதிர், மண் எப்படி இருந்தாலும் கலப்பையை வைத்த உயரத்திலேயே பிடித்து நிறுத்தும்.

"டிராஃப்ட்தான் மெசினின்ரை உயிர்" என்றார் ஐயா.

எங்கள் பக்கம் அந்த லிவரைத் தொடுவதே இல்லை என்றேன். அவர் இறங்கிவிடுவார் போலப் பார்த்தார்.

ஆனால் அதுதான் உண்மை. காவிரிப் பாசனத்தில் நாங்கள் உழுவது தண்ணீர் நிறுத்திய சேறு. கேஜ் வீல் மாட்டி, தொளி அடித்து, நாற்று நடத் தயார் செய்வதுதான் வேலை. சேற்றில் கலப்பைக்கு எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாவிட்டால் டிராஃப்ட் லிவருக்குச் சேதியே வராது, அது கலப்பையை இறக்கிக்கொண்டே போய் வண்டியையும் சேர்த்துப் புதைத்துவிடும். ஆகவே எங்களுக்குப் பொசிஷன். ஐயாவின் வயலும் நெல்தான், ஆனால் அவர் பேசியது மேட்டு நிலத்தை, மழைக்கு முன் கட்டியாக இறுகிக் கிடக்கும் செம்மண்ணை ஒன்பது கொழுக் கலப்பையால் கிளறியதை. ஒரே கம்பெனி, ஒரே பட்டை, பக்கத்துப் பக்கத்து லிவர். அவர் ஆயுள் முழுக்க ஒன்றைப் பிடித்திருந்தார், நான் மற்றதை.

பெர்குசனைப் பற்றி ஒரு கதை உண்டு. 1953இல் தன் கம்பெனியை மாசி ஹாரிஸுக்கு விற்கும்போது விலையில் பத்து லட்சம் டாலர் இடித்தது. நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்றார். சுண்டினார்கள், தோற்றார். கலப்பையின் ஒவ்வோர் அங்குல ஆழத்தையும் தற்செயலுக்கு விடாத மனிதர் இதை விட்டிருக்கிறார்.

சாவியைக் கொடுத்தார் பண்ணைக்காரர். ஐயா ஹை லோ லிவரை நடுவில் வைத்து, கை ஆக்ஸிலரேட்டரை இறக்கி, ஒரே திருப்பு. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. வெள்ளைப் புகை மட்டும். மூன்றாம் முறை பேட்டரி முனகியது.

"ஏர் பிடிச்சிட்டுதோ?" என்று என்னைப் பார்த்தார். டீசல் குழாயில் காற்று புகுந்தால் இப்படித்தான். நானும் அதையே நினைத்தேன். ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க ஸ்பானர் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்க வாயெடுத்தபோது பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. பாதியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். உதட்டுக்குள் இருபது வரை எண்ணினார். பிறகு மிச்சத்தையும் திருப்பினார். படபடவென்று பிடித்துக்கொண்டது.

சாவித் துளையைச் சுற்றி இருந்த தேய்ந்த எழுத்துகளை நான் அப்போதுதான் குனிந்து படித்தேன். ஹெச். அதற்கு அடுத்து ஹெச் எஸ். முதலாவது சூடு, இரண்டாவது சூட்டோடு ஸ்டார்ட். காற்று உள்ளே போகும் குழாயில் ஒரு சின்ன மின்சுருள் இருக்கிறது. சாவியை ஹெச்சில் பிடித்தால் அது பழுக்கும், பழுத்ததும் ஒரு குண்டு வால்வு திறந்து துளி டீசலை விடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த டீசல் குழாய்க்குள்ளேயே எரிந்து, சுட்ட காற்றைச் சிலிண்டருக்கு அனுப்பும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது, அழுத்திச் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்ற வேண்டும். மூன்று பாகைக் காற்றை இந்தப் பழைய எஞ்சின் அழுத்தியதில் முதல் சூடு போதவில்லை.

இதே சாவியை நான் மன்னார்குடியில் எத்தனை வருஷம் திருப்பியிருக்கிறேன்! அங்கே மார்கழி விடியலிலும் கை வைத்ததும் பிடிக்கும். அந்த இடத்தைச் சாவி எப்போதும் ஒரு கணத்தில் கடந்து போய்விடும், அதற்கு ஒரு வேலை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. ஐயாவும் அப்படித்தான்.

"நாங்கள் பொருளாதாரத் தடைக் காலத்திலை மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலை ஓட்டினனாங்கள் தம்பி. சூப்பிப் போத்தலிலை ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுறது. எல்லா வித்தையும் தெரியும். இது தெரியேல்லை."

முகப்பில் இன்னொரு சின்ன லிவர் இருந்தது. அது மல்ட்டி பவர். ஓடும்போதே கிளட்ச் இல்லாமல் வேகம் மாற்றுவதற்கு. ஆறு முன் கியர் பன்னிரண்டாகும். எங்கள் இருவர் வண்டியிலும் இல்லாதது. அதை லோவில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்காதீர்கள் என்று பண்ணைக்காரர் கையை ஆட்டிச் சொன்னார். லோவில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, சைக்கிள் மாதிரி உருண்டு போகும். நான் தமிழில் சொன்னேன். ஐயா குளக்கட்டிலிருந்து நெல் மூட்டைப் பெட்டியோடு இறங்கும் ஒருவனைக் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, அது இல்லாதது நல்லது" என்றார்.

கொட்டகையைச் சுற்றி ஒரு தடவை ஓட்டினார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி மட்கார்டில் தொற்றிக்கொள்ளப் பார்த்தேன், பண்ணைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். இங்கே ஓர் இருக்கைக்கு ஓர் ஆள். திரும்பி வந்தவரிடம், உங்கள் மெசின் என்ன ஆனது என்று கேட்டேன். தம்பியிடம் விட்டுவிட்டு வந்தாராம். 2009இல் முடிந்த போரில் தம்பி குடும்பமும் அக்கம்பக்கத்து இரண்டு குடும்பமும் பெட்டியில் ஏறி, கிளிநொச்சியிலிருந்து கிழக்கே இடம் இடமாக நகர்ந்திருக்கிறார்கள். ஆட்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். "மெசின் வரேல்லை" என்றார். மேலே கேட்கவில்லை.

நிறுத்த வேண்டிய நேரம் வந்தபோது நண்பன் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்தான். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்து எனக்கு என் பதினான்கு வயது ஞாபகம் வந்தது. அப்பா இல்லாத நேரத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், நிறுத்தத் தெரியாமல் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, உறுமும் வண்டியை நடு வயலில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தவன் நான். இந்த எஞ்சினுக்கு ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. டீசலை அடைத்தால்தான் நிற்கும். அதற்கு முகப்பில் ஓர் இழுப்புக் குமிழ் இருக்கிறது. ஐயா அதை இழுத்துப் பிடித்தார், நின்றதும் மறக்காமல் உள்ளே தள்ளினார். தள்ளாமல் விட்டால் மறுநாள் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது.

ஊருக்கு வந்ததும் அப்பாவின் பழைய வண்டியைப் போய்ப் பார்த்தேன். செம்பியத்தில் டேஃபே செய்தது. மாசி பெர்குசனோடு சேர்ந்து சென்னையில் 1960இல் தொடங்கிய கம்பெனி அது. இந்தியா, நேபாளம், பூடான் மூன்று நாட்டுக்கும் மாசி பெர்குசன் என்ற பெயர் 2025 ஜூலையில் ஆக்கோவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி டேஃபேக்கே சொந்தமாகிவிட்டது. கிங் தெருவில் வளர்ந்த பெயருக்கு இங்கே உரிமை சென்னைக்கு.

டொராண்டோவில் உறவுக்காரர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டில் ஊரில் மெசின் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருப்பார், சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். பனி விழுவதற்கு முன்னால், அக்டோபரிலேயே, அவரை 48ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே கூட்டிப் போங்கள். சாவியைப் பாதியில் இருபது எண்ணும் வரை பிடிக்கச் சொல்லுங்கள்.